தங்க வயிறு

அன்று காலையிலும் பாயிஸ் பால் குடிக்க வரவில்லை.

ருமெனாவின் உடம்பு அவனுக்கென்று ஒரு பங்கைப் பிரித்து வைத்திருந்தது. வலப்பக்கம் அவள் பெற்ற நூர்லிக்கு, இடப்பக்கம் பாயிஸுக்கு. யாரும் செய்த ஏற்பாடு இல்லை, குழந்தைகள் தாமாகவே பிடித்துக்கொண்டது. நூர்லி தன் பங்கைக் குடித்துவிட்டு வாயோரம் பால் வழியத் தூங்கிப்போனாள். இடப்பக்கம் கல்லாக இறுகிச் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி சக்மாவின் வீடு. நடுவே இரும்பு உருளைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மலையிலிருந்து மூட்டையில் வந்த கல்லும் தண்ணீரும் பாதரசமும் அதற்குள் உருண்டு அரைபடும். அந்தச் சத்தம் நின்றால்தான் இந்த வீட்டில் யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். உருளைகள் சக்மாவின் கணவன் முனாவருக்குச் சொந்தம். அவன் தம்பி மஹ்திதான் ருமெனாவின் கணவன். அவன் மலேசியாவில் செம்பனைத் தோட்டத்தில் இருந்தான். லொம்போக் தீவின் இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் புருஷன் என்பது ஒரு போன் குரல்தான்.

சக்மா வாசலில் உட்கார்ந்து காங்கூங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, பாயிஸ் இன்னும் எந்திரிக்கலயா?"

"எந்திரிச்சு ஆட்டம் போட்டுட்டுத் திரும்பத் தூங்கிட்டான்டி. கஞ்சி குடுத்துட்டேன்."

"கஞ்சி குடிச்சா என்ன, கொஞ்சம் குடிச்சுக்கட்டுமே. எனக்குக் கட்டிக்கிச்சு."

"பல்லு மொளைக்குதுல்ல. கடிச்சு வெச்சுருவான். நீ பீச்சி விட்ரு."

மாட்டுக்குச் சொல்வதைப் போலச் சொன்னாள். சொல்லும்போது கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ருமெனா கிணற்றடியில் நின்று பாலைத் தரையில் பீச்சினாள். சூடான கல்லில் விழுந்த வேகத்தில் அது காய்ந்தது. தன் மேல் சக்மாவுக்கு ஏதோ கோபம் என்று நினைத்தாள். என்ன செய்தோம் என்று தேடிப் பார்த்தாள். தேடினால் எல்லோரிடமும் ஏதாவது கிடைக்கும். போன வெள்ளிக்கிழமை மீனில் உப்பு அதிகமாகிவிட்டது. பாயிஸ் தன்னைப் பார்த்து 'இனா' என்று கூப்பிட்டபோது சக்மா அருகில் இருந்தாள். பெற்றவளைக் கூப்பிட வேண்டிய சொல். அதுவாகத்தான் இருக்கும் என்று ருமெனா முடிவு செய்தாள். பொறாமை என்றால் புரிந்துகொள்ள முடியும். பாவம், பெற்றும் பால் கொடுக்க முடியாதவள்.

இரண்டு குழந்தைகளும் ஒரே மாதத்தில் பிறந்தவை. சக்மா அதற்கு முன் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள். முடி நரைக்கத் தொடங்கியபின் பிறந்தவன் பாயிஸ். பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றியது. அவள் கேட்கக்கூட இல்லை. அழுதுகொண்டிருந்தவனை ருமெனா வாங்கி மார்பில் போட்டுக்கொண்டாள். அன்றோடு அவன் நூர்லிக்குப் பால் வழி அண்ணன். அவர்கள் வளர்ந்து கல்யாணம் கட்டிக்கொள்ள முடியாது, அவன் முன்னால் ருமெனா தலையை மறைக்க வேண்டாம். பள்ளிவாசல் பெரியவர் வந்து அதைச் சொல்லி, பிரார்த்தனை செய்து, போத்தெங் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார். அரிசிப் புளிப்பின் இனிப்பு நாக்கில் இருக்க, சக்மா ருமெனாவின் கையைப் பிடித்து, "இனிமே நாம ஒரே ரத்தம்டி" என்றாள்.

அதற்குப் பிறகுதான் டப்பாக்கள் வந்தன.

ஊர்க்காரர்கள் உடம்பில் பாதரசம் எவ்வளவு இருக்கிறது என்று ஆராயப் பட்டணத்திலிருந்து டாக்டர் இந்தான் வந்திருந்தார். கண்ணாடி போட்ட, சிரித்த முகமான இளம்பெண். மாதம் ஒரு நாள் குழந்தைகளுக்கு எடை போடும் முகாமை ஊர்சார்பில் நடத்துகிறவள் சக்மா. அதனால் டாக்டருக்கு அவள்தான் கையும் வாயும். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மூடி போட்ட சின்ன டப்பாவைக் கொடுத்தாள்.

"இதுல என்ன ஊறுகாயா குடுக்கணும்?" என்றாள் கடைசி வீட்டு ஹுர்னியாத்தி.

"காலைல வெளிக்குப் போனதும் கொஞ்சம் எடுத்து அதுல போடு."

"ஐயே! அதையா?"

"அதையேதான். ஐஸ்பெட்டில வெச்சு, ஏரோபிளேன்ல ஏத்தி, எங்கயோ பெரிய ஊருக்கு அனுப்புறாங்களாம்."

"அட அல்லாவே! என் புருஷன் மலேசியாவுக்குப் படகுல நனைஞ்சுகிட்டுப் போனாரு. என்னோடது ஏரோபிளேன்ல போகுதா!" என்றாள் ருமெனா. பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். வெட்கப்பட்டுக்கொண்டே எல்லோரும் கொடுத்தார்கள். தலைமுடியிலும் ஒரு கொத்து வெட்டிக்கொண்டார்கள்.

முடிவு வந்த நாளில் சக்மா சுகாதார நிலையத்திலிருந்து திரும்பியபோது நடையே வேறாக இருந்தது. பகல் சாப்பாட்டு நேரம். உருளைக் கழிவு வடியும் குளத்து மீனின் வறுவலும் மிளகாய்ச் சம்பலும். முனாவரும் இருந்தான்.

"உன் வயிறு தங்க வயிறுடி!" என்றாள் வந்ததும்.

"என்னக்கா?"

"நம்ம எல்லார் வயித்துலயும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க குடியிருக்காம். உன் வயித்துல ஒரு ஊரே இருக்காம். நல்ல ஊரு. மீன்ல வர்ற பாதரசத்தைப் பிடிச்சு, அதோட கொணத்தை மாத்தி, வந்த வழியே வெளிய தள்ளிடுதாம். ஊர்லயே உன்னுதுதான் மொதல்னு டாக்டர் சொன்னாங்க."

"என் வயிறு?" என்றான் முனாவர்.

"உங்களுது காலி வீடு. பல்வலிக்கு ஒரு கேப்சூல், கால் வலிக்கு ஒரு கேப்சூல், புண்ணுல கொட்ட ஒரு கேப்சூல்னு கடைல வாங்கி வாங்கி முழுங்கி, இருந்த பூச்சியை எல்லாம் கொன்னுட்டீங்க. என் வயிறும் அதே லட்சணம்தான், காய்ச்சல்ல அவ்வளவு மருந்து."

முனாவர் சிரித்தான். ஒரு மீனை எடுத்து ருமெனாவின் தட்டில் வைத்தான். அவன் கையால் அவள் தட்டில் எதையும் வைத்ததில்லை.

நிறையப் பிள்ளைகள் இருந்த வீட்டில் நடுவில் பிறந்தவள் ருமெனா. அழகி என்று அக்காவைச் சொன்னார்கள், கெட்டிக்காரி என்று தங்கையைச் சொன்னார்கள். இவளைப் பற்றிச் சொல்ல யாருக்கும் எதுவும் இருந்ததில்லை. இப்போது தனக்கே தெரியாமல் தன் உடம்புக்குள் ஒரு நல்லது நடந்துகொண்டிருக்கிறது என்பது, குளிக்கும்போதும் நடக்கும்போதும் அவளுக்குத் தனியாகச் சிரிப்பு வரவைத்தது. வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஒரு ஊர். விளக்கெல்லாம் ஏற்றி வைத்து, ராப்பகலாக வேலை செய்யும் ஒரு ஊர்.

அன்றிலிருந்து எரிப்பு வேலை அவளுடையதானது.

உருளையிலிருந்து எடுத்த சேற்றைக் கழுவி, அடியில் தேங்கும் பாதரசத்தைத் துணியில் வடிகட்டிப் பிழிந்தால், துணிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை நிற்கும். அதைச் சின்ன மண்தட்டில் வைத்துப் பர்னரால் சுட வேண்டும். பாதரசம் ஆவியாகிப் போக, தங்கம் மிஞ்சும். மற்ற உருளைக்காரர்கள் உருண்டையை அப்படியே கடைத்தெருவுக்குக் கொண்டுபோய், தங்கம் வாங்குகிறவன் கடையிலேயே சுடவைப்பார்கள். முனாவருக்கு அவன்மேல் சந்தேகம், சுடுகிற சாக்கில் ஒரு கிள்ளு எடுத்துவிடுகிறான் என்று. அதனால் இந்த வீட்டில் மட்டும் ருமெனாவின் சமையல்கட்டில் எரித்தார்கள். வெளியே காற்று சுடரைக் கலைக்கும், அக்கம்பக்கத்துக் கண்ணும் விழும். முன்பெல்லாம் மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டார்கள்.

"நீதான்டி இதுக்குச் சரி. எங்களுக்கு உள்ள ஆள் இல்ல, உனக்கு இருக்கு" என்றாள் சக்மா.

ருமெனா மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் விரும்பித்தான் செய்தாள். சுடர் பட்டதும் சாம்பல் உருண்டை முதலில் அசையும், பிறகு பொரிந்து நிறம் மாறி, ஒரு கணத்தில் மஞ்சளாக மலரும். புகை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இருக்காது. லேசாக வெளுத்த ஒன்று எழுந்து கூரைப் பக்கம் போகும். நூர்லி அம்மாவைக் காணாவிட்டால் அழுவாள் என்பதால் சமையல்கட்டு விட்டத்திலேயே துணித்தொட்டில் கட்டியிருந்தாள். எரித்துக்கொண்டே ஒரு காலால் தொட்டிலை ஆட்டுவாள்.

வாயில் எந்நேரமும் காசைச் சப்பியது போல ஒரு ருசி வர ஆரம்பித்தது. ஊசியில் நூல் கோர்க்கப் போனால் விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. மஹ்தியின் நினைப்பு என்று எண்ணிக்கொண்டாள். பாயிஸ் நன்றாக உட்கார்ந்து, தவழ்ந்து, உருளை வரைக்கும் போய் அடி வாங்க ஆரம்பித்திருந்தான். நூர்லியை உட்காரவைத்தால் அரிசி மூட்டை போல ஒரு பக்கம் சரிந்தாள்.

"ஒவ்வொரு புள்ளையும் ஒவ்வொரு மாதிரிடி" என்று சக்மா சொன்னாள். அப்போதும் அவள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாயிஸ் வராத காலைகள் பல ஆனபின், ஒரு நாள் ருமெனா மிளகாய் கேட்கக் கடைசி வீட்டுக்குப் போனாள். ஹுர்னியாத்தியின் கணவன் கடலுக்குப் போகிறவன். அந்த வீட்டில் உருளை இல்லை. வாசலில் கருவாடு காய்ந்தது. உள்ளே பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்த ஹுர்னியாத்தியின் மார்பில் ஒரு குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. அது அவள் குழந்தை இல்லை. குடிக்கும்போது தன் காது மடலைத் தானே பிடித்து இழுக்கும் பழக்கம் ஒரே குழந்தைக்குத்தான் உண்டு.

"வா வா. என்ன வாசல்லயே மரம் மாதிரி நிக்குற? உன் புள்ளைதான்" என்றாள் ஹுர்னியாத்தி.

"இவனுக்குக் கஞ்சி குடுக்குறதா அக்கா சொன்னாங்களே."

"கஞ்சியா! என்னையே குடிச்சுத் தீர்த்துட்டிருக்கான். ஆம்பளைக்குப் பசி அடங்குமா? என் புள்ளைக்கு மிச்சம் வெக்கிறதே பெரும்பாடு."

ருமெனாவுக்குச் சட்டை நனைந்தது. அவன் குடிக்கும் சத்தம் கேட்டதும் உடம்பு முட்டாளைப் போலப் பாலை இறக்கியது. துணியை இழுத்து மூடிக்கொண்டாள்.

"எங்கிட்ட என்ன குறையாம்?"

ஹுர்னியாத்தி தலையைத் தூக்கிப் பார்த்தாள். கேலி அவள் முகத்திலிருந்து மெதுவாக இறங்கியது.

"நீதானே எரிக்கிற? புகை பால்ல எறங்குமாமே. டாக்டர் சொன்னாங்கன்னு சக்மா சொன்னா. நீயே ஒத்துக்கிட்டுத்தான் அனுப்புறதாவும் சொன்னா. உனக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரியும்" என்றாள் ருமெனா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஏமாந்தவள் என்று ஒருத்தி முன்னால் நிற்பதைவிட, தெரிந்தே செய்கிறவள் என்று நிற்பது அந்த நேரத்தில் சுலபமாக இருந்தது. மிளகாய் கேட்காமலே திரும்பினாள்.

வீட்டுக்குப் போய் யாரிடமும் எதுவும் பேசவில்லை. எடை போடும் நாள் நெருங்கியிருந்தது, டாக்டரும் மறுபடி டப்பாக்களோடு வருவார் என்று ஊரில் பேச்சு. அதுவரை தலைவலி என்று சொல்லி எரிக்காமல் தள்ளிப்போட்டாள். உள்ளுக்குள் அவள் சக்மாவுக்காக வாதாடிக்கொண்டே இருந்தாள். ஹுர்னியாத்தி வாய் நீளம், எதையும் கூட்டிச் சொல்வாள். சக்மாவே தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். ஒரு தாய் காரணமில்லாமல் பயப்படலாம். எல்லா வாதத்திலும் சக்மா ஜெயித்தாள். ஆனால் ஒவ்வொரு முறையும் ருமெனாவின் கண்ணுக்குள் பாயிஸ் தன் காது மடலை இழுத்துக்கொண்டு வேறொருத்தியிடம் பால் குடித்தான்.

பள்ளிக்கூட வகுப்பறையில் உத்தரத்திலிருந்து தராசு தொங்கியது. சக்மா ஒவ்வொரு குழந்தையாகத் துணிக்கால்சட்டைக்குள் நுழைத்துக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். ருமெனா அவளைத் தாண்டி நேராக டாக்டரிடம் போனாள். நூர்லி இடுப்பில்.

"டாக்டர் இபு, என் வயிறு நல்ல வயிறுன்னு சொன்னீங்களாம். நெசமா?"

"நெசம்தாங்க!" டாக்டரின் முகம் மலர்ந்தது. "நீங்க சாப்பிடுற மீனுக்கு உங்க முடியில இன்னும் நெறையப் பாதரசம் இருந்திருக்கணும். பாதிகூட இல்ல. உங்க வயித்துல இருக்கிற நுண்ணுயிர்ங்க செய்யுற வேலை அது. அதைப் பத்தித்தான் நாங்க—"

"அப்ப நான் எரிக்கலாம்ல?"

"எதை?"

"உருண்டையை. வீட்டுல நான்தான் எரிக்கிறேன். அந்த முடிவு வந்ததுலேருந்து நான் மட்டும்தான்."

டாக்டர் சக்மாவைப் பார்த்தார். சக்மா ஒரு குழந்தையைத் தராசில் மாட்டினாள். அது கத்தியது. அவள் கை நடுங்காமல் கொக்கியைச் சரிசெய்தது.

"மூச்சு வழியா போறதுக்கும் வயித்துக்கும் சம்பந்தம் இல்லைங்க" என்றார் டாக்டர், ஒவ்வொரு சொல்லாக. "மீன்ல வர்றது வயித்துக்குப் போகும், அங்க அதைப் பிடிக்க ஆள் இருக்கு. எரிக்கும்போது வர்ற ஆவி நெஞ்சுல எறங்கி நேரா ரத்தத்துல கலந்துரும். வயித்துல எவ்வளவு நல்ல ஊரு இருந்தாலும் அது அந்த வழியா வர்றதே இல்ல. ரெண்டையும் சேர்த்துத்தான் நான் சொல்லி அனுப்பினேன். பால் குடுக்கிறவங்க எரிக்கவே கூடாதுன்னு ரெண்டு தடவை சொன்னேன்."

"யார்கிட்ட?"

கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"ஏன் எங்கிட்டயே சொல்லல, இபு? மலம் என்னோடதுதானே?"

அறையில் ஒரு பெண் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். டாக்டரின் கழுத்து சிவந்தது. "சொல்லிட்டேன்னு அவங்க சொன்னாங்க. நம்பிட்டேன். நான் வந்திருக்கணும்."

"இவ இன்னும் உக்காரல."

டாக்டர் நூர்லியை வாங்கி மேசைமேல் உட்காரவைத்துப் பார்த்தார். அவள் சரிந்தாள். தாங்கிப் பிடித்து மறுபடி வைத்தார். "இதனாலதான்னு இப்பவே சொல்ல முடியாதுங்க. சில குழந்தைங்க மெதுவாத்தான் உக்காரும். ரெண்டு பேருக்கும் ரத்தமும் மூத்திரமும் எடுத்துப் பாப்போம். எரிக்கிறதை இன்னையோட நிறுத்துங்க. அந்தச் சமையல்கட்டுல புள்ளையைப் படுக்க வெக்காதீங்க."

"பால்?"

"குடுங்க. பாலை நிறுத்த வேணாம். புகையைத்தான் நிறுத்தணும்."

ருமெனா தலையாட்டினாள். சக்மா அடுத்த குழந்தையின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். குரல் எப்போதும் போலவே இருந்தது. அதுதான் ருமெனாவை அசைத்தது. இத்தனை நாளும் இதே குரல்தான்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே மஹ்திக்குப் போன் போட்டாள். அவன் பக்கத்தில் டிராக்டர் சத்தம்.

"உங்க அண்ணி என்ன பண்ணியிருக்காங்க தெரியுமா?" என்று எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கத்துவான், உடனே அண்ணனுக்குப் போன் போடுகிறேன் என்பான் என்று காத்திருந்தாள். டிராக்டர் சத்தம் மட்டும் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குது." பிறகு, "அண்ணன் சொன்னான்" என்றான்.

"என்ன சொன்னாரு?"

"கொஞ்ச நாளைக்குத்தான்னு. நம்ம வீட்டுக்கு ஓடு போடுற வரைக்கும். உன் ஒடம்பு தாங்கும்னு டாக்டரே சொல்லியிருக்காங்க, புள்ளையை மட்டும் பாத்துக்கலாம்னு சொன்னான். நான் விசாரிச்சுக்கிட்டேதானே இருந்தேன், ருமெனா. ஒவ்வொரு தடவையும் விசாரிச்சேன்ல?"

விசாரித்தான். ஒவ்வொரு போனிலும், நூர்லி உட்கார்ந்துவிட்டாளா, பேர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறாளா, சிரிக்கிறாளா என்று விடாமல் கேட்டான். தூரத்தில் இருக்கிற அப்பனின் ஆசை என்று அவள் உருகிப்போயிருந்தாள். தெருப் பெண்களிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கூட இருந்தாள். போனை அணைத்தாள். நூர்லி அவள் தோளைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

சமையல்கட்டில் மண்தட்டு எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அதில் சாம்பல் உருண்டை. முனாவர் நிலைப்படியில் நின்றான்.

"தலைவலி போயிருச்சா? எரிச்சுரு ருமெனா. நாளைக்குக் கடைக்குப் போகணும்."

"முடியாது மச்சான்."

"ஏன்?"

"ஏன்னு உங்களுக்குத் தெரியும்."

"பொம்பளைங்க விவகாரம், நீங்களே பேசிக்குங்க" என்று உருளைகள் பக்கம் போனான். வழியில் திரும்பி வந்துகொண்டிருந்த சக்மாவிடம் ஏதோ முணுமுணுத்தான்.

சக்மா உள்ளே வந்தாள். தலைத்துணியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்பாளோ என்று ருமெனாவுக்குப் பயமாக இருந்தது. கேட்டால் கொடுத்துவிடுவோமோ என்ற பயம்.

"ஊரே பாக்க என்னைக் கேவலப்படுத்திட்ட" என்றாள் சக்மா.

"நானா?"

"வீட்டுல கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? நான் பொய் சொல்லலடி. உன் வயிறு நல்லதுன்னு டாக்டர் சொன்னது நெசம். அதைத்தான் சொன்னேன்."

"மிச்சத்தை?"

சக்மா மண்தட்டை எடுத்தாள், கீழே வைத்தாள். "அவர்தான் சொன்னாரு. வெளிய குடுத்தா கிள்ளிருவான், நாம யாராவது ஒருத்தர் எரிக்கத்தான் வேணும்னு. எனக்கு அவர் சொன்னா மறுபேச்சு உண்டா? நானும் வேற வழி தேடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அக்கா, எரிச்சதை விடுங்க. எரிச்சதுகூட எனக்குப் பெருசா தெரியல." ருமெனாவின் விரல்கள் நடுங்கின. அதைப் பார்த்துச் சக்மா கண்ணை விலக்கிக்கொண்டாள். "பாயிஸை எங்கிட்ட இருந்து எடுத்தீங்கள்ல, அன்னைக்குக் காலைல. அவனைத் தூக்கிக்கிட்டு என் வாசல் வழியாத்தானே கடைசி வீட்டுக்குப் போயிருப்பீங்க. அப்ப தொட்டில்ல இவ இருந்தா. அவளைப் பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன்" என்றாள் சக்மா.

அழ ஆரம்பித்தாள். "நான் ரெண்டைப் பொதைச்சவடி. எனக்கு வேற எதுவும் தோணல. இவன் என் கைல இருந்தான். கைல இருந்ததைக் காப்பாத்திக்கிட்டேன்."

அது உண்மை என்று ருமெனாவுக்குத் தெரிந்தது. சக்மா அவளிடம் முழுதாகச் சொன்ன முதல் உண்மை. அதில் இரக்கப்பட நிறைய இருந்தது, வேறொரு நாளாக இருந்தால் அவளும் சேர்ந்து அழுதிருப்பாள். இப்போது உள்ளே கை விட்டுத் தேடினால் எதுவும் அகப்படவில்லை. வயிற்றுக்குள் விளக்கேற்றி வைத்திருந்த அந்த ஊர் ஞாபகம் வந்தது. அது இன்னமும் அங்கேதான் இருக்கும், தன் வேலையைச் செய்துகொண்டு. வெட்கமாக இருந்தது. ஒரு பாராட்டுக்கு இவ்வளவு ஏங்கியிருந்தோம் என்பதுதான் வெட்கம். தங்க வயிறு என்று யாரோ சொன்னதும், மேலே என்ன என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

தொட்டில் துணியை அவிழ்த்து மடித்தாள். நூர்லியின் சட்டைகளைக் கூடையில் போட்டாள்.

"எங்கடி போற? அவர் வந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

"பாதியைச் சொல்லுங்க. அது உங்களுக்கு நல்லா வரும்."

கடைசி வீட்டு வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஹுர்னியாத்தி, கூடையையும் குழந்தையையும் பார்த்தாள். உள்ளே போய்ப் பாயை இழுத்து அகலமாக விரித்தாள். பள்ளிக்கூடத்தில் நடந்தது அதற்குள் தெருவெல்லாம் வந்து சேர்ந்திருந்தது.

"எத்தனை நாள் வேணும்னாலும் இரு. கருவாட்டு நாத்தத்துக்குப் பழகிக்கணும், அவ்வளவுதான். என் மாமியார் பழகிக்கல, செத்தே போயிட்டா."

ருமெனா சிரிக்க முயன்றாள். நூர்லி பசியில் முகத்தை அவள் சட்டையில் தேய்த்துத் தேய்த்துச் சிணுங்கினாள். மார்பு இரண்டும் இறுகிக் கிடந்தன. பொத்தானில் கை வைத்தாள். கை அங்கேயே நின்றது.

"அக்கா, இவளுக்கும் கொஞ்சம் குடுக்குறீங்களா?"

ஹுர்னியாத்தி புருவத்தை உயர்த்தினாள். "ஏன்? நீயே குடுக்கலாம்னு டாக்டர் சொன்னாங்களாமே. பாலுக்கு ஒண்ணும் இல்ல, புகைதான் கூடாதுன்னு."

"சொன்னாங்க."

"அப்புறம் என்ன?"

டாக்டர் சொன்னார். சக்மாவும் சொன்னாள், மஹ்தியும் ஒவ்வொரு போனிலும் அன்பாகத்தான் பேசினான். எல்லோரும் சொன்னார்கள். இத்தனை பேச்சுக்கு நடுவே, ஒருத்தி வாயைத் திறக்காமல் தன் பிள்ளைக்குச் செய்தது ஒன்றுதான் ருமெனாவுக்கு நம்பக்கூடியதாக மிஞ்சியிருந்தது. தன்னை ஏமாற்றியவளின் கை போன வழியே தன் கையும் போவது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

"சக்மா அக்கா அவனுக்குக் குடுக்க விடலியே" என்றாள்.

ஹுர்னியாத்தி கையை நீட்டிக் குழந்தையை வாங்கினாள். பழகாத மணம். நூர்லி முகத்தைத் திருப்பி அம்மாவைத் தேடி அழுதாள். ஹுர்னியாத்தி அவள் தலையைத் தாங்கி மெதுவாகத் திருப்பி வைத்தாள். மறுபடி திருப்பினாள். கடைசியில் பசி ஜெயித்தது.

ருமெனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் விழுங்கும் சத்தம் கேட்கக் கேட்க அவள் சட்டையின் இரண்டு பக்கமும் நனைந்துகொண்டே வந்தது.